வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி: ஒப்பந்தம் முதல் வருமான வரி வரை

வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களில் பலர் ஜூலை மாதக் கடைசியில்தான் கணக்கைத் தேட ஆரம்பிக்கிறார்கள். ஆடிட்டர் எதிரே போய் உட்கார்ந்ததும் அவர் வரிசையாகக் கேட்பார்: வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் கட்டினீர்கள், வாடகை யார் கணக்குக்கு வந்தது, ஒப்பந்தம் எங்கே? என்ன பதில் சொன்னாலும் அந்த நிதியாண்டு மார்ச்சிலேயே முடிந்துபோயிருக்கும். அதற்கு மேல் மாற்ற ஒன்றும் இல்லை. அதனால் இங்கே வரி விகிதங்களைவிட வேலைகளின் வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டு வாடகை என்கிற அந்த ஒரு தொகை பல இடங்களில் பதிவாகிறது: ஒப்பந்தத்தில், வாடகை அதிகாரியின் (வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அரசு அதிகாரி) கோப்பில், குடியிருப்பவர் தன் அலுவலகத்தில் கொடுக்கும் எச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) விவரத்தில், வங்கிக் கணக்கில், வருமான வரித் துறை உங்கள் பான் எண்ணில் பதிவானவற்றைத் தொகுத்து வைக்கும் ஏஐஎஸ் அறிக்கையில். எல்லா இடத்திலும் ஒரே பெயரும் ஒரே தொகையும் இருந்தால் பெரும்பாலும் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் பார்த்த நோட்டீஸ்களில் பலவும் வரியை மறைக்க நினைத்தவர்களுக்கு வந்தவை அல்ல. இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் விட்டவர்களுக்கு வந்தவை.

தமிழ்நாட்டு நகரங்களில் வீடோ கடையோ வாடகைக்கு விடும் தனிநபர்களை மனதில் வைத்து எழுதியது இது. கம்பெனி பெயரில் சொத்து வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

1. முதலில் பெயர்களைச் சரிசெய்யுங்கள்

டு-லெட் போர்டு மாட்டும் முன் நான்கு தாள்களை எடுத்து மேசையில் வையுங்கள்: கிரயப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது. நான்கிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா இறந்து பல வருடம் ஆகியும் வீட்டு வரி அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். வாடகை மட்டும் மகன் கணக்குக்குப் போகும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போதும் வீட்டு வரியைக் கழிக்கும்போதும் இது இடிக்கும்.

இரண்டு பேர் பெயரில் சொத்து இருந்தால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பங்கு தெளிவாக இருந்தால் வாடகை வருமானத்தைப் பிரித்து அவரவர் ரிட்டர்னில் காட்டலாம். வாடகையையும் அதே விகிதத்தில் இரண்டு கணக்குகளுக்கு வாங்குவது நல்லது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மனைவிக்கு வருமானம் இல்லை என்பதால் வாடகையை அவர் கணக்கில் வாங்கி அவர் பெயரில் ரிட்டர்ன் போடுவது. சொத்து கணவர் பெயரில் இருந்தால் வாடகையும் அவருடைய வருமானம்தான், பணம் எந்தக் கணக்கில் விழுந்தாலும் சரி. வீட்டையே மனைவிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாலும் வரிச் சட்டம் எழுதிக் கொடுத்தவரையே உரிமையாளராகக் கருதும். பத்திரச் செலவுதான் மிச்சம்.

2. எதற்காக விடுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

குடியிருக்கவா, கடைக்கா, விடுதிக்கா? ஜிஎஸ்டி, மின்கட்டணம், வீட்டு வரி மூன்றும் இந்தப் பதிலைப் பொறுத்தே மாறும். ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே இதைத் தீர்த்துவிட வேண்டும்.

குடியிருப்பதற்காகத் தனிநபருக்கு விட்டால் ஜிஎஸ்டி கிடையாது. அதே வீட்டை ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் தன் ஊழியருக்காக எடுத்தால் 2022 ஜூலை 18 முதல் 18 சதவீத வரி உண்டு. ஆனால் அதைக் கட்ட வேண்டியது வாடகைக்கு எடுத்த நிறுவனம். வீட்டுக்காரர் பில்லில் போட்டு வாங்கக் கூடாது.

கடை, அலுவலகம், குடோன் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். இந்த 20 லட்சத்தைக் கணக்குப் போடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வரிவிலக்குள்ள குடியிருப்பு வாடகையும் மொத்த வரவில் சேரும். வீடுகளில் 12 லட்சம், கடைகளில் 9 லட்சம் வாடகை வருகிறவர் "கடை வாடகை 9 லட்சம்தானே" என்று இருந்துவிடுவார். சட்டத்தின் கணக்கில் அவர் 21 லட்சத்தில் நிற்கிறார்.

வீட்டுக்காரருக்குப் பதிவு இல்லாமல் கடைக்காரருக்கு மட்டும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த 18 சதவீதத்தைக் கடைக்காரரே நேரடியாகக் கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) இருக்கும் சிறு வியாபாரிகளுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்கு. இது தெரியாமல் வாடகை பேசிவிட்டு, அப்புறம் "வரி உங்கள் பக்கமா, என் பக்கமா" என்று இழுபறி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பேசும்போதே "வரி தனி" என்றோ "வரி உட்பட" என்றோ எழுதிக்கொள்ளுங்கள்.

விடுதி நடத்தினால், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் ஜிஎஸ்டி விலக்கு கிடைக்கும். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி தனியாக உரிமம் வாங்க வேண்டும். "வீடாகத்தான் விட்டேன், அவர்கள் பிஜி ஆக்கிவிட்டார்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது. பயன்பாடு இன்னதுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

மின்சாரத்தில் இன்னொரு சிக்கல். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கீழ்த்தளத்தில் தையல் கடையோ டியூஷன் சென்டரோ வந்து வாசலில் போர்டு மாட்டியதும் அது வணிக இணைப்பாக மாற வேண்டும். மாற்றாமல் விட்டு ஆய்வில் சிக்கினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் தொல்லையும் அவர் வாசலுக்குத்தான் வரும்.

3. ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதுங்கள்

ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும் ஒப்பந்த மாதிரி ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். பதினோரு மாதம், பத்து மாத அட்வான்ஸ், "இரண்டு மாத நோட்டீஸ்" என்று இருக்கும். நோட்டீஸ் யார் யாருக்கு எப்படிக் கொடுப்பது என்று இருக்காது. சிலவற்றில் இன்னமும் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பெயர் இருக்கிறது. அந்தச் சட்டம் போய்விட்டது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு அதில் இடமில்லை. எழுத்தில் இருந்தாக வேண்டும்.

வாடகைத் தொகையை ஒரே எண்ணாக எழுதுங்கள். வாடகை 15,000, பராமரிப்பு 5,000, பர்னிச்சர் வாடகை 5,000 என்று பிரித்தால் வரி குறையும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மூன்றும் உங்கள் கணக்குக்கே வந்தால், வரித்துறை கேட்கும்போது மூன்றுக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அடுக்குமாடியாக இருந்தால் பராமரிப்புக் கட்டணத்தைக் குடியிருப்பவர் சங்கத்துக்கே நேரடியாகக் கட்டும்படி எழுதுங்கள். உங்கள் கணக்கைத் தொடாத பணத்துக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

வாடகை உயர்வையும் எழுதிவிடுங்கள்: எந்த மாதத்திலிருந்து, எத்தனை சதவீதம். எழுதாவிட்டால், உயர்வு அமலாகும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏப்ரல் முதல் தேதி போனில் "இந்த மாசத்துல இருந்து ரெண்டாயிரம் சேர்த்துப் போடுங்க" என்று சொல்வது செல்லாது.

பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தின் அட்டவணையே ஒரு பட்டியல் தருகிறது. கட்டட விரிசல், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, உள் வயரிங் போன்றவை வீட்டுக்காரர் பாடு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், உடைந்த கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பாடு. அதை அப்படியே இணைப்பாகச் சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

11 மாதம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதற்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. 30 ஆண்டுக்குக் குறைவான குத்தகைக்குத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதற்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். கட்டும் நாளில் நடப்பு விகிதத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்புக்கு 11 மாதம் போதும். ஆனால் கடைக்கு ஐந்தாறு வருடம் விடுபவர்கள் 11 மாதத்தையே திரும்பத் திரும்பப் புதுப்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே பெரிய தொகை செலவழித்து இன்டீரியர் செய்த கடைக்காரர், மிச்சம் பிடித்த அந்தத் தீர்வையைவிடப் பெரிய வழக்கைக் கொண்டுவருவார்.

4. வாடகை அதிகாரியிடம் பதிவு

11 மாத ஒப்பந்தத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேண்டாம் என்பதால் எந்தப் பதிவும் வேண்டாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. 2017 சட்டப்படி, காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசின் வாடகைதாரர் சட்ட இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இரு தரப்பின் அடையாள விவரம், புகைப்படம், சொத்து விவரம், ஒப்பந்தத்தின் நகல் எல்லாவற்றையும் முன்பே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கையெழுத்துப் போட்ட கையோடு இதை முடித்துவிட வேண்டும். காரணம் எளிது. சாவி கைமாறிய பிறகு குடியிருப்பவரிடம் ஆதாரும் புகைப்படமும் கேட்டால் "அடுத்த வாரம் தரேன் சார்" என்பார். அந்த அடுத்த வாரம் வரவே வராது. பதிவாகி எண் வந்த பிறகே சாவி என்று வைத்துக்கொண்டால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

பதிவு செய்யாத ஒப்பந்தத்தைத் தகராறு வரும்போது ஆதாரமாகக் காட்ட முடியாது. வாடகை பாக்கிக்காக வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் நாளில்தான் இதன் அருமை தெரியும்.

5. அட்வான்ஸும் ஒத்தியும்

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். சென்னையில் இன்றும் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கிறார்கள். அதிகமாக வாங்குவதென்றால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் வருமானம் ஆகாது. கடைசியில் வாடகை பாக்கிக்காக அதில் பிடித்துக்கொண்டால், பிடித்த அந்தத் தொகை வாடகை வருமானம் ஆகும்.

அடுத்தது ஒத்தி. சென்னைப் பக்கம் லீஸ் என்பார்கள், வேறு ஊர்களில் போக்கியம். 5 லட்சமோ 10 லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுத்து, காலி செய்யும்போது அந்தப் பணத்தை அப்படியே திருப்பித் தருவது. வாடகையே வாங்காததால் வரியும் இல்லை என்று இதில் இறங்குபவர்கள் நிறைய. வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கைக்கு வந்த வாடகை எவ்வளவு என்பதோடு, அந்த வீட்டுக்கு நியாயமாக எவ்வளவு வாடகை கிடைக்கும் என்பதையும் அது பார்க்கிறது. பக்கத்து போர்ஷன் 12,000 ரூபாய்க்குப் போனால், ஒத்தி வீட்டுக்கும் அந்தக் கணக்கில் வருமானம் காட்ட வேண்டியிருக்கும்.

அதைவிட ஆபத்தானது ரொக்கம். ஒரே நாளில் ஒருவரிடமிருந்தோ, ஒரே கொடுக்கல் வாங்கலுக்காகவோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். 6 லட்சம் வாங்கினால் அபராதமும் 6 லட்சம்! ஒத்திப் பணம் ஒரு ரூபாய்கூட விடாமல் வங்கி வழியாகவே வர வேண்டும், வங்கி வழியாகவே திரும்ப வேண்டும்.

வீட்டை அடமானமாக எழுதி அனுபவத்தில் விடுவதென்றால் அது பதிவு செய்ய வேண்டிய பத்திரம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒத்திச் சீட்டு இரண்டு பக்கமும் காப்பாற்றாது. என்னைக் கேட்டால் ஒத்திக்கு விடவே வேண்டாம். வாங்கிய பணம் வேறு செலவில் கரைந்துபோய், திருப்பித் தர இன்னொரு ஒத்திக்காரரைத் தேடும் வீட்டுக்காரர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

6. வாடகை வாங்குவதும் டிடிஎஸ்ஸும்

ஒரே வங்கிக் கணக்கு, மாதம் ஒரே தேதி. கூடவே ஒரு ரசீது. குடியிருப்பவர் பழைய வரி முறையில் (வரி கட்டுபவர் தேர்ந்தெடுக்கும் இரண்டு முறைகளில் கழிவுகள் அதிகம் உள்ளது) எச்ஆர்ஏ கழிவு கேட்கிறார், ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டுகிறது என்றால் உங்கள் பான் எண்ணைத் தன் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். "பான் தர மாட்டேன்" என்று சொல்லும் வீட்டுக்காரர், வாடகையை மறைக்கிறேன் என்று தானே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ், அதாவது வாடகை கொடுப்பவரே அதில் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. வியாபாரக் கணக்குத் தணிக்கைக்கு உட்படாத தனிநபர் குடியிருந்தால் 2 சதவீதம். 2024 அக்டோபருக்கு முன் இது 5 சதவீதமாக இருந்தது. மாதாமாதம் பிடிக்க வேண்டியதில்லை, மார்ச் மாதத்திலோ காலி செய்யும் மாதத்திலோ மொத்தமாகப் பிடித்துக் கட்டினால் போதும். நிறுவனம் குடியிருந்தால் 10 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் அதற்கும் மாதம் 50,000 என்பதே வரம்பு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்து பங்கு தெளிவாக இருந்தால் வரம்பு ஆளுக்குத் தனித்தனி. முதல் படியில் பங்கைத் தெளிவாக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிடிஎஸ் பிடித்த பிறகு புதியவர்கள் செய்யும் தவறு, கைக்கு வந்த தொகையை மட்டும் வருமானமாகக் காட்டுவது. மாதம் 60,000 வாடகையில் ஆண்டுக்கு 14,400 பிடித்திருந்தாலும் வருமானம் 7,20,000 தான். பிடித்த 14,400 வரிப் பக்கத்தில் கழியும். பிடித்தவர் அதை அரசுக்குக் கட்டியிருக்கிறாரா என்று ஏஐஎஸ் அறிக்கையில் மே, ஜூன் வாக்கில் பாருங்கள். இல்லையென்றால் அவரை உடனே கூப்பிட்டுப் பேசுங்கள். வீடு காலி செய்து போன பிறகு போன்கூட எடுக்க மாட்டார்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் வாழும் என்ஆர்ஐ என்றால் கதையே வேறு. வாடகை 10,000 ஆனாலும் வரம்பு கிடையாது. குடியிருப்பவர் டான் எண் (வரி பிடிப்பவர்களுக்கான எண்) வாங்கி, 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரில் வீட்டை விடுபவர்கள் இதைக் குடிவருபவரிடம் சொல்வதே இல்லை. குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள்.

7. வீட்டு வரியை நேரத்தில் கட்டுங்கள்

வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதச் சலுகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீத வட்டி.

சலுகையைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் வீட்டு வரியைக் கழிக்க மூன்று நிபந்தனைகள்: நீங்கள் கட்டியிருக்க வேண்டும், அந்த நிதியாண்டுக்குள் கட்டியிருக்க வேண்டும், ரசீது இருக்க வேண்டும். அக்டோபர் அரையாண்டு வரியை ஏப்ரல் 5-ஆம் தேதி கட்டினால் அந்தக் கழிவு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். குடியிருப்பவர் கட்டிய வரி உங்கள் கழிவில் வராது. அதனால் "வீட்டு வரியும் நீங்களே கட்டிக்கோங்க" என்று ஒப்பந்தம் போடாதீர்கள். வாடகையில் அதைச் சேர்த்து வாங்கி நீங்களே கட்டுங்கள்.

8. வருமான வரிக் கணக்கு

2026 மார்ச் வரையிலான வாடகைக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதலான வாடகைக்கு 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறிவிட்டன. வாடகைக் கணக்கின் அடிப்படை மாறவில்லை. பழைய பிரிவு எண்ணை மனப்பாடமாகச் சொல்லி யாராவது குழப்பினால் பயப்பட வேண்டாம்.

வேளச்சேரியில் ஒரு பிளாட், மாதம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 3,00,000. கட்டிய வீட்டு வரி 6,000 கழித்தால் 2,94,000. அதில் 30 சதவீதம், அதாவது 88,200 நிலையான கழிவு. மிச்சம் 2,05,800. வீட்டுக் கடன் வட்டி 1,80,000 என்றால் அதையும் கழித்து, வரிக்கு உட்படும் வருமானம் 25,800.

அந்த 30 சதவீதத்துக்கு ரசீது எதுவும் வேண்டாம். பெயின்ட், புரோக்கர் கமிஷன், வாட்டர்ப்ரூஃபிங், பிளம்பர் எல்லாமே அதற்குள் அடக்கம். ஒரு ரூபாயும் செலவில்லை என்றாலும் 30 சதவீதம் கிடைக்கும், 2 லட்சம் செலவழித்திருந்தாலும் அதே 30 சதவீதம்தான். ஆடிட்டரிடம் பெயின்ட் கடை பில்லைக் கட்டாகக் கொண்டு போவதில் பயன் இல்லை. ஆனால் புதிதாக ஓர் அறை கட்டியது, மாடி எழுப்பியது போன்ற பில்களைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அவை விற்கும்போது உதவும்.

இப்போது அதே வீட்டுக்கு வட்டி 3,50,000 என்று வைத்துப் பாருங்கள். கணக்கு 1,44,200 நஷ்டத்தில் முடியும். பழைய வரி முறையில் இந்த நஷ்டத்தை ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம், மிஞ்சியதை எட்டு ஆண்டு வரை வீட்டு வருமானத்துக்கு எதிராக எடுத்துச் செல்லலாம். புதிய முறையில் வாடகை வீட்டின் வட்டியை வாடகைக்கு எதிராகக் கழிக்கலாம், ஆனால் நஷ்டத்தைச் சம்பளத்தோடு சேர்க்க முடியாது. முதலீட்டுக்காகக் கடனில் இரண்டாவது வீடு வாங்குபவர்களைத் தடுக்கி விழவைக்கும் இடம் இதுதான். விற்பனையாளர் காட்டும் வரிச் சேமிப்புக் கணக்கு பெரும்பாலும் பழைய முறையில் போட்டது. இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

கட்டுமானத்தின்போது கட்டிய வட்டியையும் விட்டுவிடாதீர்கள். கட்டி முடித்த ஆண்டிலிருந்து ஐந்து சம தவணையாக அதைக் கழிக்கலாம். வங்கியிடம் ஆண்டுவாரியாக வட்டிச் சான்றிதழ் இப்போதே வாங்கி வையுங்கள்.

வீடு சில மாதம் காலியாகக் கிடந்தால், அந்த மாதங்களுக்கு வராத வாடகைக்கு வரி இல்லை. ஆனால் காலியாகத்தான் கிடந்தது என்று காட்ட ஏதாவது வேண்டும். சாவி ஒப்படைத்த கடிதமும், யூனிட் ஓடாத மின் ரசீதும் நல்ல சாட்சி.

சொந்தமாக மூன்று வீடு இருந்து எதையும் வாடகைக்கு விடாவிட்டாலும், இரண்டுக்குத்தான் சொந்தக் குடியிருப்பு என்ற சலுகை. மூன்றாவது வீடு வாடகைக்கு விட்டதாகவே கருதப்படும். ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை இந்தக் கணக்கில் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

டிடிஎஸ் போக வரி 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் முன்கூட்டியே கட்ட வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, வியாபார வருமானம் இல்லாவிட்டால், இது தேவையில்லை.

9. காலி செய்ய வைப்பது

இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, ஒப்பந்தத்துக்கு மாறான பயன்பாடு போன்ற காரணங்களுக்கு வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். வாடகை பாக்கியானால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதம் பொறுக்க வேண்டும். நோட்டீஸை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு உட்காராதீர்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

தண்ணீரை நிறுத்துவது, மின்சார ஃபியூஸைப் பிடுங்குவது வேண்டவே வேண்டாம். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. வாடகை பாக்கி வைத்தவரைப் புகார்தாரராக மாற்றும் வேலை அது. வீட்டைப் பார்வையிடப் போவதானாலும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

10. விற்கும் நாள் வந்தால்

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல், பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீத வரி. அந்தத் தேதிக்கு முன் வாங்கியிருந்தால், உள்நாட்டில் வசிக்கும் தனிநபர்கள் பழையபடி சரிக்கட்டலுடன் 20 சதவீதத்தையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். விலை அதிகம் ஏறாத ஊர்களில் பழைய கணக்கே லாபமாக வருவதுண்டு. 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பு) தாண்டக் கூடாது.

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதினால் தப்பலாம் என்ற எண்ணம் இன்னமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு 2024 ஜூலை 1 முதல் மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. விற்ற விலைக்கும் அந்த மதிப்புக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக வைத்து வரி போடுவார்கள்.

50 லட்சமோ அதற்கு மேலோ விலை போனால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்டுவார். உடன்பிறந்தவர்கள் நான்கு பேர் சேர்ந்து விற்றாலும் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும்.

லாபத்தை வேறு வீட்டில் போட்டால் விலக்கு உண்டு: விற்பதற்கு முந்தைய ஓராண்டுக்குள்ளோ விற்ற பிறகு இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்கலாம், அல்லது விற்ற பிறகு மூன்று ஆண்டுக்குள் கட்டலாம். அதிகபட்சம் 10 கோடி. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் பணத்தைச் செலவழிக்காவிட்டால், அதை மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் வங்கியில் போட்டிருக்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கிலோ பிக்சட் டெபாசிட்டிலோ விட்டால் விலக்கு போய்விடும். அந்தக் கணக்கைத் தொடங்க வங்கிக் கிளையில் பெரும்பாலும் தனிப் படிவம் கேட்பார்கள். சில கிளைகளில் அதைப் பற்றித் தெரிந்தவரே இருக்க மாட்டார். விற்ற மாதத்திலேயே போய்ப் பேசி வையுங்கள்.